துளசிமணியின் வாய்

நான்காவது முறையாகக் கோகிலவாணி அந்த வாயைச் சுரண்டி எடுத்தாள். வண்ணம் குழைக்கிற மழுங்கல் கத்தியின் நுனியில் துளசிமணியின் உதடுகள் இரண்டும் ஒன்றாகி, செங்காவிக் களிம்பாக வந்தன. பழைய செய்தித்தாளில் வழித்துப் போட்டாள். தாளில் ஏற்கெனவே மூன்று வாய்கள் கிடந்தன. எதிரே பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலியில் துளசிமணி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சொல்லி வைத்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடி அது. மற்ற நாட்களில் கீழே இயந்திரம் ஓட ஓடத் தரை நடுங்கிக்கொண்டே இருக்கும், டர்பன்டைன் கிண்ணத்தில் வட்டம் வட்டமாக அலை எழும். இன்று ஞாயிற்றுக்கிழமை, அலை இல்லை. ஆனால் ஆடிக் காற்று இருந்தது. ஜன்னலைச் சணலால் இழுத்துக் கட்டியிருந்தும் இடுக்கு வழியாகப் புழுதி வந்துகொண்டுதான் இருந்தது. ஈர எண்ணெய் வண்ணத்துக்குப் புழுதியென்றால் உயிர். வந்து ஒட்டிக்கொண்டால் விடாது. அந்தக் காற்றுக்குப் பயந்து வேறு மாதத்தில் வரையலாமென்றால் துளசிமணி கிடைக்கமாட்டாள். அவள் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவள். முகூர்த்தம் இல்லாத மார்கழியிலும் ஆடியிலும்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவை. போன மார்கழியில் ஒரு படம். இந்த ஆடியில் இது இரண்டாவது. முதல் படத்தில் வாய் வந்துவிட்டது. வந்துவிட்டதா? கோகிலவாணியின் கை கத்தியோடு அப்படியே நின்றது. வந்தது என்று சொல்லலாமா அதை? வந்தது என்றால் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து வந்தது? இந்த இடத்துக்கு வந்ததும் மூன்று வாரமாக அவள் மனம் செய்கிற காரியத்தையே இப்போதும் செய்தது. செக்கு மாட்டைப் போல முதலிலிருந்து ஒரு சுற்றுச் சுற்றத் தொடங்கியது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பூசணிக்காயை வரைந்துகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது. ஓவியக் கூடம் நடத்துகிற சுபத்ரா மேடம். புது ஓவியர்கள் ஏழு பேரைச் சேர்த்து ஒரு கண்காட்சி, அதில் நீங்களும் உண்டு, உங்கள் 'பாத்திரம் கழுவுகிற பெண்' தான் கண்காட்சிப் புத்தகத்தின் அட்டையில் வரப்போகிறது. வராந்தாவுக்கு ஓடி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் கோகிலவாணி. முப்பத்தாறு வயதில், பதினான்கு வருடம் பூசணிக்காய் சொல்லிக்கொடுத்த பிறகு, முதல் அழைப்பு. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அந்த அம்மாள் சொன்னார், "கோகிலவாணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மத்த இடமெல்லாம் அந்தம்மா மாதிரி இருக்கு. வாய்தான் அந்தம்மா." அவ்வளவுதான். சந்தோஷம் அந்த ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மாதிரி. மாதிரிதான் அவள் பிழைப்பு. படிக்கிற காலத்திலேயே தெருக்காரர்கள் செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாலை போடுகிற அளவுக்குப் பெரிதாக, எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தருவாள். வாங்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வார்த்தை: அப்படியே இருக்குது. கல்லூரியில் உடன் படித்தவர்கள் அதையே வேறு தொனியில் சொல்வார்கள், அப்படியேதான் இருக்கு என்று. புருவ மயிர் எத்தனை, கண்ணிமையில் ஈரம் எவ்வளவு, எல்லாம் அவள் கைக்குத் தெரியும். தெரிந்ததை விட்டு ஒரு அடி அந்தப்பக்கம் வைக்க அந்தக் கைக்குத் தெரியாது. அவளுக்கே இது தெரியும். ஆகவே சுபத்ரா மேடம் வாய்தான் அந்தம்மா என்றபோது, கோகிலவாணிக்குச் சந்தோஷமோ கோபமோ வரவில்லை. பயம் வந்தது. ஏனென்றால் படத்தில் அந்த ஒரு இடத்தைத்தான் அவள் வரையவில்லை.

வரையவில்லை என்றால்? வரைந்தாள், ஆனால் வேறு வாயை வரைந்தாள். மார்கழியில் மூன்றாவது ஞாயிறு. சற்றே திறந்த வாய், கீழுதட்டின் உள் ஈரம், மேல் வரிசையில் முன்பல் ஒன்று பாதி உடைந்தது, அதன் பக்கத்தில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு மினுக்கு. ஒரு பொழுது முழுக்க அதற்கே போயிற்று. அப்படியே இருந்தது. தூரிகைகளை அள்ளிக்கொண்டு கீழே தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தாள். துளசிமணியை அனுப்பினாள். பிறகு எப்போதும் செய்வதைப்போலப் படத்தைப் பார்க்காமல் தூக்கிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அன்றைய வேலையை அன்றே திரும்பப் பார்த்தால் கை மறுபடி அரிக்கும், தொட்டால் கெட்டுவிடும். அதனால் அப்படி ஒரு பழக்கம். அடுத்த ஞாயிறு திருப்பினால் வாய் மூடியிருந்தது. மூடியிருந்தது என்றும் சொல்ல முடியாது. இடமிருந்து வலமாக ஏதோ ஒன்று ஒரே இழுப்பாக இழுத்துவிட்டிருந்தது. பல் போய்விட்டது, ஈரம் போய்விட்டது. உதடு இருந்த இடத்தில் ஒரு மங்கல். ஆனால் அந்த மங்கலுக்குள் எதையோ விழுங்கிக்கொண்டு சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. கோகிலவாணி கத்தியை எடுத்துச் சுரண்டப் போனாள். முடியவில்லை. ஒரு மணிநேரம் நின்றாள். காற்றா, சுவரா, தானேதான் தூக்கும்போது முழங்கையை இழுத்துவிட்டோமா என்று யோசித்தாள். அப்புறம் யோசிப்பதை நிறுத்திவிட்டு, வலது கீழ்மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டாள் அல்லவா? ஒருவரிடமும் சொல்லவில்லை அல்லவா? கணவனிடம்கூட. அவர் மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிறவர், ஒரு திருகு சரியில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் படத்தில் எதுவும் கண்டுபிடிக்கமாட்டார். நல்லாருக்குது என்றார். அது ஒரு வசதி.

"டீச்சர், கழுத்து சித்தத் திருப்பிக்கட்டுங்களா?" என்றாள் துளசிமணி, உதட்டை அசைக்காமல்.

"திருப்பிக்குங்கக்கா. நல்லாச் சொடக்கெடுத்துட்டு மறுபடியும் அப்படியே உட்காருங்க." அப்படியே. பார்த்தாயா, வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வருகிறது. துளசிமணி கழுத்தை இரண்டு பக்கமும் சாய்த்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மறுபடி நிலைக்கு வந்தாள். கோகிலவாணி ஐந்தாவது வாயைத் தொடங்கினாள். இந்த முறை முதலில் திறந்த வாயாகவே வரைவது, வரைந்து முடித்து ஈரத்தோடு துணியால் ஒரு இழுப்பு. துணியால். கிருபாண்ணன் அப்படித்தான் செய்வார். இதோ, சுற்று அங்கே வந்துவிட்டது. வராமல் எங்கே போகும்? கிருபாகரன் இந்த மாடியின் வாடகையில் பாதி கொடுக்கிறவர். அவளைவிடப் பத்து வயது பெரியவர். நிலக்காட்சி வரைவார். தூரிகையால் தொடங்கி, கடைசியில் தூரிகையை வீசிவிட்டுக் கிழிந்த பனியன் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்துத் துடைத்து மலையையும் மேகத்தையும் கொண்டுவருவார். சாவி இரண்டு, ஒன்று அவளிடம், ஒன்று அவரிடம். அந்த மங்கலில் தூரிகை மயிரின் கோடு ஒன்றுகூட இல்லை. அதை அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. வேறு யார்? கண்காட்சிக்கு அவரும்தான் தன் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார், தேர்வாகவில்லை. செய்தி தெரிந்த அன்று அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "சந்தோஷம் கோகிலா. அந்த வாயை அப்படியே விட்டியே, அதுதான் தைரியம்" என்றார். விட்டியே. வரைஞ்சியே என்று சொல்லவில்லை. விட்டியே. விட்டாள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றை விட வேண்டுமென்றால் அது முதலில் வந்திருக்க வேண்டும், வந்தது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் அந்த வாரம் பொள்ளாச்சிப் பக்கம் போயிருந்தேன் என்றார். கேட்காமலே ஏன் சொன்னார்? பொள்ளாச்சிக்குப் போனவருடைய டர்பன்டைன் பாட்டில் ஜன்னலோரத்திலிருந்து மேசைக்கு எப்படி வந்தது? அல்லது அது முதலிலிருந்தே மேசையில்தான் இருந்ததா? ஆறேழு மாதத்துக்கு முன் ஒரு பாட்டில் எங்கே இருந்தது என்பதை யோசித்து யோசித்து, இப்போது அதை இரண்டு இடத்திலும் தெளிவாகப் பார்க்க முடிகிறது அவளால்.

அதைவிட மோசம், ஏன் என்கிற கேள்வி. கெடுக்க வந்தாரா, கெடுக்க வந்த கை பழகிய கையாக இருந்ததால் தேறிப்போய்விட்டதா? அல்லது இந்தப் பெண் காலம் முழுக்கப் பல்லை எண்ணிக்கொண்டே இருப்பாள் போலிருக்கிறதே என்று இரக்கப்பட்டுச் செய்தாரா? பொறாமையென்றால் மன்னித்துவிடலாம். இரக்கமென்றால்? நினைக்கும்போதே காது சுட்டது. துணியை எடுத்து ஈர வாயின்மேல் இழுத்தாள். இடமிருந்து வலம். பல் போயிற்று. ஆனால் வந்தது வெறும் அழுக்கு. அடிபட்டு வீங்கிய உதடுபோல. துணியை வீசிவிட்டு ஆள்காட்டி விரலால் ஒரு தேய். இன்னும் மோசம். செத்த மீனின் வாய். தன் விரலுக்குக்கூட அது தெரியவில்லை. கத்தி, செய்தித்தாள். ஐந்து வாய்கள். இந்தக் கேள்விகளால்தான் முந்தாநாள் வெள்ளிக்கிழமை மாலை அப்படி ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டாள், "அண்ணா, உங்க சாவியைக் குடுத்துடுறீங்களா? கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்." அவர் உள்ளங்கையிலிருந்த ஊதாவைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். "எதுக்குன்னு கேட்கமாட்டேன்" என்றார். சாவியை வளையத்திலிருந்து கழற்ற நகம் போதாமல் கொஞ்ச நேரம் திணறினார். கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏன் கேட்கவில்லை? குற்றமில்லாதவன் கேட்பான் அல்லவா, எதற்கு என்று? படியில் இறங்குகிற சத்தம்கூட எப்போதும்போலத்தான் இருந்தது, வேகமுமில்லை, தயக்கமுமில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சுபத்ரா மேடத்துக்கு நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் போடுவதற்கு. 'அந்த வாயைப் பற்றி எழுதுங்க, எப்படி அங்க போய்ச் சேர்ந்தீங்கன்னு.' போய்ச் சேர்ந்தேனா நான்? கண்காட்சி திறக்கிற அன்று ஒரு மூலையில் நின்றுகொண்டு கிருபாகரன் அந்த நாலு வரியைப் படிப்பார். அதே நல்ல சிரிப்போடு.

"டீ குடிக்கலாமாக்கா?" என்று கேட்டாள், பிளாஸ்கை எடுத்துக்கொண்டு. "நீங்க எந்திரிச்சு நடங்க. நான் முக்கு பேக்கரிக்குப் போயிட்டு வந்துடறேன்."

"எனக்குச் சக்கரை கம்மிங் டீச்சர். பன்னு வேண்டாமுங், பல்லு கூசும்."

கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். பதினெட்டுப் படி. பன்னிரண்டாவது படியில் கை இடுப்புக்குப் போயிற்று, பர்ஸ் இல்லை. பை மேலேயே இருக்கிறது. நாற்காலிக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல், ஜிப் திறந்து. உள்ளே பர்ஸ், போன், கழுத்தை உறுத்துகிறதென்று காலையில் கழற்றிப் போட்ட சங்கிலி. துளசிமணி அந்த அறையில் தனியாக இருக்கிறாள். இது ஒரு நினைப்புக்கூட இல்லை, கண்ணில் தூசு விழுவதைப்போல விழுந்தது. சீச்சீ என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆனால் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். பிற்பாடு எத்தனையோ முறை அதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பர்ஸ் எடுக்கப் போகிறவள் செருப்பை எதற்குக் கழற்றினாள்? வெறுங்காலோடு, விளிம்பிலேயே மிதித்து, சத்தமில்லாமல் ஏறினாள். கதவு காற்றில் ஒரு சாண் திறந்திருந்தது. பை ஸ்டூலின் மேல் அப்படியே இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. துளசிமணி படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள், மூக்கு வண்ணத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில். கல்யாணத்துக்கு வந்த யாரையோ அடையாளம் பிடிக்கிறவள்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சுரண்டிய வாயின் அடியில் மிச்சமிருந்த பல்லின் வெள்ளையை அவள் கண்டுவிட்டாள் போலிருக்கிறது. வலது கை மேலே போயிற்று. சோடாக் காரத்திலும் வெந்நீரிலும் வருடக்கணக்காக ஊறி, ரேகையெல்லாம் தேய்ந்துபோன அந்தப் பெருவிரல், குழந்தையின் வாயோரத்தில் ஒட்டிய சோற்றைத் துடைப்பதுபோல, இடமிருந்து வலமாக, ஒரே ஒரு இழுப்பு.

கோகிலவாணி அழைக்கவில்லை. கதவு தானாகத்தான் சத்தம் போட்டது. துளசிமணி திரும்பினாள், கையைப் பின்னால் கொண்டுபோனாள், புடவையில் தேய்த்துக்கொண்டாள், எல்லாம் ஒரே நேரத்தில். "ஒண்ணுமில்லீங் டீச்சர்" என்றாள். "தூசி ஒட்டியிருந்துதுங்." கோகிலவாணி பார்த்தது அவளை இல்லை, படத்தை. வந்துவிட்டிருந்தது. ஐந்து முறை சுரண்டியும் வராதது, அந்த மங்கல், அந்த விழுங்கல், சொல்லமாட்டேன் என்கிற அந்த உட்காரல், எல்லாம். பொள்ளாச்சி, டர்பன்டைன் பாட்டில், விட்டியே, ஊதாத் துடைத்த கை, மேசையில் சாவி, ஒவ்வொன்றாக, இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த இடத்தை விட்டுக் கழன்று விழுந்தன. விழுந்தது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. "மார்கழியில வரைஞ்சமே, அந்தப் படத்துலயும் நீங்கதானாக்கா?" என்று கேட்டாள். குரல் வாத்தியார் குரலாக வந்தது. எட்டாம் வகுப்பில் சுண்ணாம்புக் கட்டி எடுத்தது யார் என்று கேட்கிற குரல்.

"ஆமாங்" என்றாள் துளசிமணி. "நீங்க பிரஸ்ஸு கழுவக் கீழ போனீங்கல்லங். அப்பத்தானுங். கெடுத்துப்போட்டனுங்களா?"

"இல்லக்கா. ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

துளசிமணி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். "ஊரெல்லாம் பாக்கறதுக்கு வெப்போமுன்னு சொன்னீங்கல்லங். நான் வாயத் தொறந்துட்டு ஒக்காந்திருக்கற மாதிரி இருந்துதுங். அது எனக்கு ஆவாதுங்." அதோடு நிறுத்திக்கொள்வாள் என்று தோன்றியது. காற்றில் தளர்ந்திருந்த சணல் கயிற்றை இழுத்து முடிந்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வைகாசிக் கல்யாணத்தில் நடந்ததை. ஆயிரம் இலை. பந்திக்கு எடுத்து வைத்த லட்டுத் தட்டில் எண்ணிக்கை குறைகிறது என்று மண்டபத்து சூப்பர்வைசர் கழுவுகிற இடத்துக்கு வந்துவிட்டான். அவள் மகன் வயது இருக்கும். "நான் எதையோ மென்னுட்டு இருந்தனுங். என்ன வாயிலன்னு கேட்டானுங். ஒண்ணுமில்லீங் சாமின்னேன். வாயத் தொறன்னான். பொண்ணூட்டு ஒறம்பரைச் சனமெல்லாம் கை கழுவ வந்துட்டுப் போயிட்டு இருக்கறாங்க, அத்தன பேரு முன்னாடியும் வாயத் தொறன்னான். தொறந்தனுங். செல்போனு லைட்டு அடிச்சுப் பாத்தானுங், டீச்சர். நாக்கத் தூக்கு, அந்தப் பக்கம் காட்டுன்னு. கிராம்புங். முன்னாடிப் பல்லு ஒடஞ்சதுல வலி நெம்ப. கிராம்பு வெச்சு அமுக்கியிருந்தனுங். கீழ துப்பிக் காட்டச் சொன்னான், காட்டுனேன். செரி போ, கழுவுன்னுட்டுப் போயிட்டானுங்." தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அன்னீலிருந்து நான் சிரிச்சாக்கூடக் கைய வெச்சுக்குவனுங். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நீங்க பாக்கறப்ப நான் படத்துக்குல்லங் ஒக்காந்திருப்பேன்."

நான் பாக்கறப்ப. கோகிலவாணி கையிலிருந்த பிளாஸ்கைக் கீழே வைத்தாள். ஒரு பொழுது முழுக்க அந்த வாய்க்குள் பார்த்தாளே, எந்தப் பல் பாதி, எங்கே ஈரம், எங்கே கருப்பு என்று. அதற்கும் செல்போன் லைட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இவள் டீ வாங்கித் தந்தாள், நாற்காலி போட்டாள், அக்கா என்று கூப்பிட்டாள். ஆனால் பார்த்ததென்னவோ அதையேதான். கொஞ்சம் முன்னால், பன்னிரண்டாவது படியிலிருந்து வெறுங்காலோடு ஏறி வந்ததும் வேறு யாரில்லையே. ஒருவன் வாயைத் திறக்கச் சொல்கிறான், ஒருத்தி சாவியைக் கேட்கிறாள். கிருபாண்ணன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற நகம் போதாமல் திணறினாரே, அந்தக் கொஞ்ச நேரம் இப்போது முழுசாகக் கண்முன் வந்தது. அப்போது பார்க்காத ஒன்றையும் இப்போது பார்த்தாள், அவர் முகம் சிவந்திருந்தது. போனை எடுத்தாள். அழைப்பு போயிற்று, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். இந்த முறை இரண்டாவது மணியிலேயே வெட்டப்பட்டது. 'அண்ணா, தப்பு என்மேலதான். பொழுதோட வீட்டுக்கு வர்றேன்' என்று தட்டி அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கான நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. வராது. அவர் இடத்தில் இவள் இருந்தாலும் வராது.

"அக்கா, அந்தப் படத்துல அந்த வாய்தான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குதாம்" என்றாள். "அதுக்காகத்தான் கூப்பிட்டிருக்காங்க. நான் வரைஞ்சதுக்காக இல்ல." இதைச் சொல்ல இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. சொல்லிய பிறகுதான் கனத்தது.

துளசிமணி அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அதுல வாய் மூடித்தானுங்களே இருக்குது?" என்றாள்.

"மூடித்தான் இருக்குதுக்கா."

"அப்பப் போவட்டுமுங்."

"வேண்டாம்னா சொல்லுங்க. அனுப்பாம நிறுத்திடறேன். நெசமாத்தான் சொல்றேன்."

"போவட்டுமுங்கறனல்லங்." கொஞ்சம் யோசித்தாள். "கீழ என்னன்னு எழுதுவீங்க?"

"பாத்திரம் கழுவுகிற பெண்னு எழுதியிருக்கேன்."

"எனக்குப் பேரு இருக்குதல்லங்?" என்றாள் துளசிமணி. கோபமாக இல்லை. தெரியாமல் கேட்பதைப்போலவே கேட்டாள். கோகிலவாணி தலையை ஆட்டினாள். எழுத வேண்டிய நாலு வரி ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது என்று தோன்றியது. வாய் என் கைவேலை அல்ல, படத்தில் இருக்கிற துளசிமணியின் கைவேலை. அனுப்பினால் அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்களோ, கண்காட்சியிலிருந்தே எடுத்துவிடுவார்களோ. அல்லது சுபத்ரா மேடம் சிரித்துக்கொண்டே, இதையெல்லாம் வெளியே சொல்லாதீங்க கோகிலவாணி என்பாரோ. எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்.

டீ வாங்கப் போகவில்லை. துளசிமணியே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், வேலையைப் பாதியில் விட்டால் அவளுக்கு ஆகாது. ஞாயிறு வெளிச்சம் ஜன்னலிலிருந்து நகர்ந்து அவள் இடது தோளுக்கு வந்திருந்தது. கோகிலவாணி படத்தில் வாயைத் தொடவில்லை, தோளை வரையத் தொடங்கினாள். நீலத்தில் கொஞ்சம் காவியைக் கலந்தாள். கை ஓடியது, மனமும் கூடவே ஓடியது, நல்ல பிள்ளையாகக் கொஞ்ச தூரம். அப்புறம் நின்றது. நின்று, மெல்ல, யாருக்கும் தெரியாமல் திரும்பியது. கிராம்புதானா? அவள் திடுக்கிட்டுத் தூரிகையைப் பிடித்துக்கொண்டாள். கிராம்புதானா, அல்லது லட்டுதானா? தட்டில் எண்ணிக்கை குறைந்தது உண்மைதானே. மென்றுகொண்டிருந்தேன் என்றாள், கிராம்பை யாராவது மெல்வார்களா, அமுக்கித்தானே வைப்பார்கள்? அட, சீ. இத்தனைக்கும் பிறகுமா? ஆயிரம் லட்டில் ஒரு லட்டு தின்றால்தான் என்ன, கேட்க நீ யார்? ஆனால் கேள்வி அதைப்பற்றியெல்லாம் கவலைப்படாமல், திறந்த ஜிப்பைப்போல, பாட்டில் இருந்த இடத்தைப்போல, அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இது என் கண்ணோடு பிறந்ததா, இல்லை பதினான்கு வருடம் பிள்ளைகளின் நோட்டில் தப்புப் பார்த்துப் பார்த்து வந்ததா, இதை வைத்துக்கொண்டு இனி நான் யார் முகத்தைப் பார்த்து என்ன வரைவேன் என்று நினைத்தபடி தலையை நிமிர்த்தினாள். துளசிமணி ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"நீங்களும் நெனச்சீங்கல்லங்" என்றாள்.

"என்னக்கா?"

"கெராம்பா, லட்டான்னு."

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. இத்தனை நாளில் கணவனிடம், கிருபாண்ணனிடம், சுபத்ரா மேடத்திடம் எல்லாம் எழுந்த அதே நாக்கு. "ஆமாக்கா" என்றாள். "ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன்."

துளசிமணி எழுந்து போய்விடுவாள் என்று கோகிலவாணி காத்திருந்தாள். கிருபாகரனைப்போல, ஒன்றும் கேட்காமல், எப்போதும்போல இறங்கிப் போய்விடுவாள். நாற்காலியின் ஒயர் கிறீச்சிட்டது. துளசிமணி முன்னால் சாய்ந்து, அடுத்த அறையில் யாரோ இருப்பதைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னைக்குக் கெராம்புதானுங் டீச்சர். சத்தியமா. லட்டுத் தின்னது வேற நாளுங்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, தோள் குலுங்கியது, கை பழக்கத்தில் வாய்ப்பக்கம் பாதி தூரம் வந்து, அப்புறம் போகிறதென்று தொடைமேல் விழுந்தது. வாய் நன்றாகத் திறந்திருந்தது. உடைந்த முன்பல், அதற்கடுத்த கருத்த பல், பல்லே இல்லாத இரண்டு இடம், சிவந்த நாக்கு, எல்லாம் தெரிந்தது. கோகிலவாணி தூரிகையைக் கிண்ணத்தில் போட்டாள். எதையும் எண்ணவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.